பேசாமல் இருந்தால் ரோடு காலி

1

ஜப்பான் மொழியில் நான் செய்யும் பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இங்கு வந்து மூன்று வருடம் முடிந்த வாரத்தில் அந்த நோட்டில் ஏறிய பிழை, மற்றவற்றைப் போல ஒரு வரியில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில். ஊர், மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். காலையில் சைக்கிளில் போகிறேன். எனக்கு முன்னால் போகும் பல கார்களின் பின்புறத்தில் நான்கு இலை போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஓட்டுகிறவர் எழுபதைக் கடந்தவர் என்று அர்த்தம். பின்னால் வருகிறவர்கள் அவரை நெருக்க மாட்டார்கள். இன்னும் வயது ஏறினால் லைசென்ஸைப் புதுப்பிக்க நினைவாற்றல் சோதனை உண்டு. சிலர் தாங்களாகவே காவல் நிலையத்துக்குப் போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. கேட்டால், இவர் வண்டி ஓட்டியவர் என்று சான்று சொல்லும் ஓர் அட்டையும் கொடுக்கிறார்கள்.

எங்கள் இல்லத்துக்கு வரும் மொரி-சான் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். லைசென்ஸைக் கொடுப்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். அன்று தேநீர் வைக்கும்போது, "திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?" என்று அவரிடம் கேட்க நினைத்தேன். வினைச்சொல்லின் முடிவு மாறிப்போய், "தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்" என்று வாயில் வந்துவிட்டது.

மொரி-சான் பர்ஸைத் திறந்தார். லைசென்ஸை எடுத்து, இரண்டு கைகளாலும் என் முன்னால் நீட்டினார்.

"செருவி-சான், இது உங்களுடையதா? மன்னிக்க வேண்டும். இத்தனை வருடம் தெரியாமல் நானே வைத்துக்கொண்டிருந்தேன்."

அறையே சிரித்தது. என் பெயர் செல்வி. இவர்கள் நாக்கில் அது செருவி ஆகிவிடுகிறது, மரியாதைக்கு ஒரு சானும் சேர்ந்துகொள்கிறது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சைக்கிளில் வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வாக்கியத்தை, பிழையே இல்லாத தமிழில், நான்கு மாதத்துக்கு முன் எங்கள் ஊரான அபிஷேகப்பாக்கத்தில் என் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அப்பா சிரிக்கவில்லை.

2

மூன்று வாரம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஜப்பானுக்கு வந்த பிறகு அதுதான் முதல் விடுமுறை.

எங்கள் நிலம் ஊரில் இல்லை. கடலூர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம், வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அந்தப் பாதையில் பஸ் கிடையாது. அப்பா கலியமூர்த்திக்கு மொபெட்தான் எல்லாம். உர மூட்டை, நாற்றுக்கட்டு, மாட்டுக்குப் புல், பள்ளிக்கூடம் போன நான், எல்லாரும் அதன் மேல் போனவர்கள்தான். இருபுறமும் இருந்த கண்ணாடிகள் புல்லுக்கட்டில் சிக்குகின்றன என்று எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார். ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கும். போலீஸைப் பார்த்தால் தலைக்கு ஏறும்.

நான் போன இரண்டாம் நாள், நாற்றங்காலைக் காட்டுகிறேன் வா என்று கூப்பிட்டார். வழக்கமாக அவர் பின்னால் உட்கார்ந்து போகும் அம்மா அன்று எனக்காக மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா இடத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"கெட்டியா புடிச்சிக்கினியா?"

"போங்கப்பா. நான் பிளேன்லயே போனவ."

"பிளேன்ல பள்ளம் கெடையாது பாப்பா. இது நம்ம ரோடு."

தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் நான் கையை ஆட்டிக்கொண்டே போனேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதை மறைத்துத் தாழ்மையாக நடந்துகொள்ள எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

எங்கள் ஊர்ச் சாலை கடலூர் ரோட்டில் சேரும் முக்கில் அப்பா வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். இந்தப் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். எதற்காகவோ காத்திருப்பது போல இருந்தது. நான் வலப்பக்கம் திரும்பி, யாரோ புதிதாகக் கட்டியிருந்த ஒரு மாடி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

இடப்பக்கத்திலிருந்து பஸ் வந்தது. ஹாரன் சத்தம்தான் முதலில் என் முதுகில் விழுந்தது. டிரைவர் ஒடித்தார், அப்பாவும் ஒடித்தார். மொபெட் ஓரத்து மணலில் சாய்ந்தது. என் முழங்கை கிழிந்தது. அப்பாவின் வேட்டி செயினில் மாட்டிக்கொண்டது. பஸ் நின்றது. படியில் தொங்கிய கண்டக்டர் கத்தினார்.

"யோவ் பெருசு! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

 பஸ் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏம் பாப்பா, ஒண்ணும் சொல்லாம இருந்தியே?"

"நான் இன்னாப்பா சொல்லணும்?"

"பஸ் வருதுன்னு."

"உங்களுக்குத் தெரியலயா?"

அப்பா குனிந்து வேட்டியைச் செயினிலிருந்து விடுவிக்க ஆரம்பித்தார். அதில் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி வீட்டை நோக்கி நடந்தார்.

3

அம்மா பெயர் அஞ்சலை. என் முழங்கையைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மஞ்சள் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"வலப்பக்கம் வண்டி வந்தா வலது தோள்ல ஒரு தட்டு. எடப்பக்கம் வந்தா எடது தோள்ல. மாடு, பள்ளம்னா முதுவுல ஒரு குத்து. ஒண்ணும் இல்லன்னா பேசாம இருப்பேன். பேசாம இருந்தா ரோடு காலின்னு அர்த்தம்."

"எத்தினி நாளா இப்பிடி?"

"நீ பிளேன் ஏறுன வருஷத்துலேர்ந்து. அந்தாளுக்கு எடது கண்ணு மங்கிப்போச்சு. அப்பறம் வலதும் பொகையா தெரியுதுன்னாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ அங்க தனியா கீற. இத சொன்னா உனுக்கு அங்க சோறு எறங்குமா?" என்றாள். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டாள்: "இது வரிக்கும் ஒரு கீறல் வுட்டதில்ல. நீ ஒரு நாளு குந்தின, கொண்டாந்து மணல்ல சாச்சிட்ட."

நான் நர்சிங் படித்தவள். கிட்டத்தட்ட மூன்று வருடம் வாரம் தவறாமல் வீடியோ காலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தவள். போனை வாங்கியதும், "இந்தா நீயே புடி" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவார். போன் பிடிக்கத் தெரியவில்லை என்று நான் கேலி செய்வேன். அவருக்குத் திரையில் நான் தெரியவே இல்லை என்று எனக்குத் தோன்றியதில்லை. தூர தேசத்தில் பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நான் மாறவில்லை. சாப்பிட்டீங்களா, மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

அன்றைக்கு அப்பாவின் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"சாவியத் திருப்பிக் குடுங்கப்பா."

"திருப்பியா? நீயா வாங்கிக் குடுத்த?"

"அந்த பஸ் மோதியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"இந்த வண்டி இல்லன்னா நீ இன்னா ஆயிருப்ப? மழையில, வெய்யில்ல, பரிச்சைக்கு யாரு கொண்டும் போயி வுட்டது? இப்ப படிச்ச திமிர்ல சாவியக் கேக்குற."

எனக்கும் கோபம் வந்தது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் நிலத்துக்கு நடந்தே கிளம்பிவிட்டார். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவிய புடுங்கிக்கின. காலப் புடுங்க முடியுமா? நடந்து போயி தாண்டுனா மட்டும் பஸ்ஸு வுட்ருமா? நிலத்த வுட்டுட்டு இவுரால குந்திக்கினு இருக்க முடியாது பாப்பா. வேற ஏதாச்சும் யோசன பண்ணு. படிச்சவதான நீ?"

நான் ஓடிப்போய் முக்குக்கு முன்னாலேயே அவரைப் பிடித்தேன். கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினோம். வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினேன். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மட்டும் காட்டிவிட்டு வரலாம் என்றேன். "சரி" என்று அவர் சொல்லவில்லை, "எப்ப?" என்று கேட்டார்.

4

கண் ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் பெண் கேட்டாள்: "வயசு சொல்லுங்க ஐயா."

அப்பா என்னைப் பார்த்தார். "எந்த வயச சொல்றது பாப்பா? லைசென்சு வயசா, பென்ஷன் வயசா?"

அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. இரண்டும் நான் உண்டாக்கிய வயதுகள்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவுக்கே நான்தான் படிவம் நிரப்புகிறவள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதியோர் பென்ஷன் படிவத்தில் அப்பாவுக்குச் சில வயதைக் கூட்டினேன். அதே வருடம் லைசென்ஸ் வாங்கப் போனபோது, வயது அதிகமானால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், டாக்டரிடம் சான்று கேட்பார்கள், வீண் அலைச்சல் என்று ஆபீஸ் வாசலில் ஒருவர் சொன்னார். பத்து வயதுக்கு மேல் குறைத்து எழுதினேன். வயதுக்கு ஆதாரமாகக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தையும் நானே எழுதினேன். அப்பா கைநாட்டு வைத்தார். "எம் பொண்ணு எழுதுனது, ஒரு அடித்தல் இருக்காது" என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார்.

அந்த லைசென்ஸ் அட்டையின்படி என் அப்பா இன்னும் முதியவரே இல்லை. கண்ணைக் காட்டு என்று எந்த அலுவலகமும் அவரைக் கேட்கவில்லை. ஜப்பானில் ஒரு மாத்திரை கொடுப்பதற்கு முன் பிறந்த தேதியை இரண்டு முறை சரிபார்க்கிறேன். என் அப்பா விஷயத்தில் அந்தத் தேதியைப் பொய்யாக எழுதியவள் நான்.

"உண்மையான வயச சொல்லுங்கப்பா" என்றேன்.

"அது யாருக்குத் தெரியும்?" என்றார்.

அன்றைக்குத் தோராயமாக எழுபது என்று போட்டுக்கொண்டார்கள். மறுநாள், எங்கள் பகுதியில் பிறப்பு இறப்பைப் பதியும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்புப் பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நாலைந்து முறை அலைந்த பிறகு பழைய பதிவேட்டில் பெயர் கிடைத்தது. அப்பாவுக்கு எழுபத்து மூன்று.

"மூணு வருஷம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

டாக்டர் சொன்னது இதுதான். வலது கண்ணில் புரை. அறுவை செய்தால் நன்றாகத் தெரியும். இடது கண்ணில் நீர் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. அந்தப் பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "ஒரு பக்கத்துலேர்ந்து வர்றது இவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதும்மா. வேண்டாம்" என்றார்.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த நாளில் அப்பா என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, இப்பிடி எளச்சிப் போயி கீற?" என்றார். பிறகு அம்மாவை உற்றுப் பார்த்தார்.

"இன்னாமே, நீ எப்ப இவ்ளோ கெழவி ஆன?"

"நீ பாக்காத நேரத்துல" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி சாவியைப் பற்றித்தான். டாக்டர் சொன்னதை நான் திரும்பச் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டருக்கு இன்னா தெரியும்? மூணு வருஷமா நானா ஓட்டுனேன்? இவ சொன்னா நிப்பேன், இவ சொன்னா போவேன். கை மட்டும்தான் என்னுது."

அவர் அதைச் சண்டைக்காகச் சொன்னார். எனக்கு அது வேறு விதமாகக் கேட்டது.

"அப்ப கையும் அம்மாவோடதாவே இருக்கட்டும்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அய்ய! இந்த வயசுல நான் வண்டி ஓட்டுனா ஊரே சிரிக்கும்" என்றாள் அம்மா.

"சிரிக்கட்டும்மா. பஸ்ஸு மோதுனா அழுவும், அதுக்கு இது தேவல."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இவளா? சைக்கிளக் கூட தொட்டதில்ல இவ. வண்டி நிக்கும்போதே கீழ வுழுவா."

அவர் மட்டும் அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால் அம்மா ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். "குடு அந்த சாவிய."

5

பாகூர் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் பர்வீன் என்னோடு பள்ளியில் படித்தவள். வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும். அந்த நேரத்தில் தன் ஸ்கூட்டரில் வந்து, அறுவடை முடிந்த நிலத்தில் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அம்மாவுக்கு நேராகப் போக மட்டும்தான் வந்தது. திருப்ப வராது. நிலத்தின் கடைசிக்குப் போய் இறங்கி, வண்டியைக் கையால் திருப்பி வைத்து, மறுபடி ஏறி வருவாள்.

"ஆண்ட்டி, ஹேண்டில் எதுக்கு இருக்குது? புடிச்சி தொங்கறதுக்கா?" என்று பர்வீன் கத்துவாள்.

"சும்மா இருடி. திரும்பறதுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும். இதுக்குதான் தெரியல" என்று வண்டியைக் காட்டுவாள் அம்மா.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. அம்மா ஓட்டப் பழகும்வரை, நிலத்துக்குப் போகத் தெரிந்த ஒருவரின் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மொரி-சானிடம் நான் உளறிய அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன். அப்பாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. லாரி ஓட்டியவரே திருப்பிக் கொடுக்கிறாரா என்று இரண்டு முறை கேட்டார். நான் அனுப்பியிருந்த, வயதைத் திருத்தக் கோரும் மனுவை எங்கே வைத்தாய் என்று அம்மாவிடம் கேட்டது எனக்குப் போனில் கேட்டது. அந்த மனுவில்தான் முதல் முறையாக அவருடைய சரியான பிறந்த தேதியை எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம், வண்டி பழகுகிறவர்களுக்கான எல்.எல்.ஆர். லைசென்ஸுக்காக அம்மா எழுத வேண்டிய சோதனைக்கு இருவரும் பர்வீனோடு லைசென்ஸ் அலுவலகம் போனார்கள். அப்பா தன் அட்டையையும் மனுவையும் எடுத்துக்கொண்டு போய், "இதத் திருப்பிக் குடுக்கணும்" என்று ஒரு கவுன்டரில் நின்றிருக்கிறார்.

"தொலைஞ்சி போச்சா?"

"இல்ல, கையிலதான் கீது."

"போலீசு கேஸா?"

"இல்லப்பா. எனக்கு ஒரு கண்ணு தெரியல. அதான் குடுக்க வந்தேன்."

அங்கிருந்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். தானாக வந்து கொடுத்தவர் யாரையும் அவர் பார்த்ததில்லை. எந்தப் படிவம் என்று பக்கத்து மேஜையில் கேட்டார். அந்த மேஜை இன்னொரு மேஜையைக் கேட்டது. அதற்குள் பக்கத்து வரிசையில் அம்மாவின் முறை வந்துவிட்டது.

"எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். ரோடு தெரியும்."

திரையில் வந்த படங்களைப் பார்த்து அம்மா வாயால் பதில் சொன்னாள். தேறிவிட்டாள். ஹாரன் படத்தைக் குறுக்கே அடித்திருந்த ஒன்றில்தான் தவறு. "ஊதக் கூடாதாம்! ஊதாம எப்பிடிப் போறது?" என்று என்னிடம் இன்னும் நியாயம் கேட்கிறாள்.

கடைசியில் ஒரு மேலதிகாரி வந்து விசாரித்தார். வயது மனுவை வாங்கி முத்திரை குத்தினார். அட்டையை மட்டும் அப்பாவிடமே நீட்டினார்.

"இத கொஞ்ச நாளு வெச்சிக்குங்க பெரியவரே. எல் போர்டு வண்டியில பின்னாடி லைசென்சு இருக்கறவங்கதான் குந்தணும். உங்க வூட்டம்மாவுக்கு நீங்க வேணும். அவங்க டெஸ்ட்டு பாஸ் பண்ணட்டும், அப்பறம் வாங்க. அதுக்குள்ள நானும் படிவத்தத் தேடி வெக்கிறேன்."

நேற்று என் மதிய உணவு இடைவேளையில் வீட்டுக்குப் பேசினேன். அங்கே காலை வேளை. அதற்கு முதல் நாள்தான் அம்மா முதல் முறையாக அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கடலூர் ரோட்டைத் தாண்டி நிலத்துக்குப் போய் வந்திருந்தாள்.

"எப்பிடிப்பா ஓட்டுனாங்க?"

"பரவால்ல. பஸ்ஸு கடலூர்ல கெளம்பும்போதே இங்க நின்னுடுறா. நமக்குப் பின்னால வந்தவனெல்லாம் தாண்டிப் போயிட்டான்" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "கையதான் எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல பாப்பா. பின்னாடி நான் குந்துனதே இல்ல."

"அதான் சீட்டுக்குப் பின்னால கம்பி கீதே, அதப் புடி" என்று அம்மாவின் குரல் வாசலிலிருந்து வந்தது. "பாப்பாவாண்ட அப்பறமா பேசிக்கலாம், போன வெச்சிட்டு வா. நடவுக்கு ஆளுங்க வந்துடுவாங்க. நான் வண்டி எடுக்கணும்."